1054-ஐப் பிளவின் ஆண்டாக எழுதலாமா?

வணக்கம். "1054இல் கிறித்தவத் திருச்சபை கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிளந்தது" என்று கட்டுரையில் எழுதியதற்குப் பேராசிரியர் ஏன் மதிப்பெண்ணைக் குறைத்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம் அவர் பக்கம்தான் இருக்கிறது.

அவ்வாண்டு ஜூலை 16 அன்று, கான்ஸ்டாண்டிநோபிளின் ஹாகியா சோபியா பேராலயத்தில் வழிபாடு தொடங்கவிருந்த வேளையில், போப்பின் தூதராக வந்திருந்த கர்தினால் ஹம்பர்ட், சபைநீக்க ஆணையைப் பலிபீடத்தின் மேல் வைத்துவிட்டு வெளியேறினார். ஆனால் அந்த ஆணை அந்நகரின் திருச்சபைத் தலைவரான முதுபெரும் தந்தை மைக்கேல் செருலாரியஸையும் அவருடைய ஆதரவாளர்களையும்தான் குறித்ததே தவிர, கீழைத் திருச்சபை முழுவதையும் அன்று. ஹம்பர்ட்டை அனுப்பிய போப் ஒன்பதாம் லியோ ஏப்ரலிலேயே இறந்துவிட்டதால், அதன் செல்லுபடியே கேள்விக்குரியது. தூய ஆவி தந்தையிடமிருந்தும் மகனிடமிருந்தும் புறப்படுகிறார் என்பதில் வரும் "மகனிடமிருந்தும்" என்ற சொல்லை, நம்பிக்கை அறிக்கையிலிருந்து கிழக்கின் கிரேக்கர்கள் நீக்கிவிட்டதாக அது குற்றம் சாட்டியதுதான் வேடிக்கை. உண்மையில் அதைச் சேர்த்தவர்கள் மேற்கின் இலத்தீனர்கள்.

பகை மக்களிடையே ஆழமாக வேரூன்றியது 1204இல், மேற்கிலிருந்து வந்த நான்காம் சிலுவைப் போர்ப் படை கான்ஸ்டாண்டிநோபிளையே சூறையாடியபோதுதான். 1274இல் லியோனிலும் 1439இல் புளோரன்ஸிலும் அறிவிக்கப்பட்ட இரு திருச்சபைகளின் ஒன்றிப்புகள் கிழக்கில் எடுபடாமல் போனதற்கு அந்த நினைவும் ஒரு காரணம். ஆகவே 1054-ஐ நீக்க வேண்டாம். அதை நெடுங்கால விலகலின் ஒரு கட்டமாகத் திருத்தி எழுதி, 1204-க்குத் தனியே ஒரு பத்தி ஒதுக்குங்கள்.