பெட்டிக்காரர் பதில்கள்

(கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் 27 வருடமாகச் சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர், ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுபவர், வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். தம்பி குவைத்தில். ஏதாவது ஆனால் அவன் வரும்வரை ஃப்ரீசர் பெட்டியில் வீட்டிலேயே வைக்கலாமா? - வாசகி, தக்கலை

ஒரு நாள், ஒன்றரை நாள் என்றால் வைக்கலாம் அம்மா. அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் மார்ச்சுவரியில் வைத்துவிட்டு, தம்பி திருவனந்தபுரத்தில் இறங்குகிற அன்று வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பெட்டி தாங்கும், நம் ஆட்கள்தான் தாங்கமாட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் “ஒரு தடவை திறங்க” என்பார்கள். திறந்தால் குளிர் போய்விடும், திரும்பப் பிடிக்க நேரமாகும். அப்புறம் கரண்ட். வீட்டு இன்வெர்ட்டரை நம்பவேண்டாம், ஜெனரேட்டர் வேண்டும். ஒரு மழை ராத்திரி கடற்கரை ஊர் ஒன்றில் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. பார்க்காமல் அனுப்பியது என் தப்பு. பைக்கில் டீசல் கன்னாசை (கேனை) கட்டிக்கொண்டு ஓடினேன். இப்போது டீசல் மூடியை நானே திறந்து பார்க்காமல் வண்டியை விடுவதில்லை.

பெட்டி வருவதற்கு முன்னால்தான் உங்கள் வேலை இருக்கிறது. டாக்டர் பார்த்துச் சொன்னதும் கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுங்கள். மோதிரம் இருந்தால் அப்போதே கழற்றிவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடை விறைக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் வாயை மூட முடியாது. பாட்டிமார் யாரும் சொல்லாமலே இதைச் செய்தார்கள். இப்போது எனக்கு ஒரு போன், அடுத்தது வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ். நான் போய்ச் சேரும்போது வாய் திறந்தபடியே இருக்கிறது. பெட்டிக்கு அடியில் ஒரு டியூப் வரும், அதற்குக் கீழே ஒரு வாளி வையுங்கள். இல்லாவிட்டால் முன்னறையெல்லாம் தண்ணீர்.

கேள்வி: பாட்டாவுக்கு (தாத்தாவுக்கு) தேக்கில் பெட்டி செய்யலாமா? - வாசகர், மார்த்தாண்டம்

மண்ணுக்குள் போகிறதற்குத் தேக்கு எதற்கு மக்கா? நம் பக்கம் ரப்பர் மரப் பலகை இருக்கிறது, மாம்பலகை இருக்கிறது. மாமரம் பாவம், நம் மாவட்டத்தில் கிறிஸ்தவருக்கும் அதுதான், இந்துவுக்கும் அதுதான். நான் பெட்டிக்கு அறுக்கிறேன், அடுத்த வீட்டில் வளவில் நிற்கிறதை வெட்டி, சிரட்டையும் கதம்பையும் (தேங்காய் மட்டையும்) சேர்த்துச் சிதை அடுக்குகிறார்கள். காசு மிச்சமிருந்தால் அடியந்திரச் சாப்பாட்டுக்கோ (இறந்தவருக்காகப் போடும் விருந்து) கல்லறைக்கோ போடுங்கள். ஒன்று: அளவு சொல்லும்போது எல்லோரும் உயரத்தை மட்டும் சொல்கிறார்கள். எனக்குத் தோள் அகலம்தான் வேண்டும். நீளம் கொஞ்சம் கூடினால் குற்றமில்லை, தோள் இடித்தால் அத்தனை பேர் முன்னால் அழுத்தி மூடவேண்டிவரும்.

கேள்வி: இறப்பை எங்கே பதிவது? - வாசகர், திங்கள்நகர்

இறந்த இடத்தில். சொந்த ஊர் எதுவானாலும் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு அங்கேதான். வீட்டில் என்றால் பேரூராட்சி அலுவலகம், கிராமமானால் வி.ஏ.ஓ. 21 நாளுக்குள் சொல்லிவிடுங்கள், தாண்டினால் தாமதக் கட்டணமும் அலைச்சலும்.

கேள்வி: உங்களைப் பார்த்தால் ஆட்கள் ஒதுங்குவார்களா? - வாசகி, குளச்சல்

கல்யாண வீட்டுக்கு வண்டியை எடுத்துப் போவதில்லை, பஸ்தான். சுகமில்லாதவர்களைப் பார்க்கப் போவதுதான் பெரிய பாடு. என் சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். “அளவெடுக்கவா மக்கா வந்த?” என்று சிரித்தார். நானும் சிரித்து, “சும்மா கிடங்க சித்தப்பா” என்றேன். ஆனால் கதவைத் திறந்ததுமே கண் எடுத்துவிட்டது: உயரம் ஐந்தே முக்கால் அடி, தோள் 20 அங்குலம்.