முகமூடி முதலில் யாருக்கு?

வணக்கம் சார்,

ஆக்சிஜன் முகமூடியை முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு அப்புறம் குழந்தைக்குப் போடுங்கள் என்று விமானத்தில் சொல்கிறார்கள். எந்த அப்பனுக்கு அதற்கு மனசு வரும்? நான் நன்றாக நீச்சல் அடிப்பேன், ஒன்றரை நிமிடம் மூச்சடக்குவேன். அதற்குள் என் மகளுக்குப் போட்டுவிட முடியாதா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியாது. கிணற்றில் உதவும் மூச்சு 35,000 அடியில் உதவாது. அங்கே கேபின் அழுத்தம் சட்டென்று போய்விட்டால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து வெளியே பாயும். அடக்கிப் பிடித்தால் நுரையீரலே கிழியலாம். மிஞ்சும் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைந்துவிடுவதால், நுரையீரலுக்கு வரும் ரத்தம் ஆக்சிஜனை வாங்குவதற்குப் பதில் இழக்கிறது. உருப்படியாக ஒரு காரியம் செய்ய உங்களுக்குக் கிடைப்பது 30 முதல் 60 நொடி, அழுத்தம் சட்டென்று போனால் அதிலும் குறைவு.

அந்த நொடிகள் கரைவது உங்களுக்கே தெரியாது என்பதுதான் இன்னும் மோசம். 1875 ஏப்ரல் 15 அன்று பாரிஸிலிருந்து ‘ஜெனித்’ என்ற பலூனில் மூன்று பேர் கிளம்பினார்கள்: திசாந்தியே, க்ரோசே ஸ்பினெல்லி, சிவெல். விவரம் தெரியாதவர்கள் இல்லை. பின்னிருவரும் பால் பெர்ட் (Paul Bert) என்ற உடலியல் அறிஞரின், காற்றழுத்தத்தைக் குறைக்கும் அறைக்குள் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தவர்கள். ஆக்சிஜன் கலந்த காற்றும் பைகளில் தலைக்கு மேலேயே தொங்கியது. அது போதாது என்று பெர்ட் கடிதம் எழுதினார், ஆனால் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. இருப்பதைத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார்கள். தேவை வந்ததை அறிய வேண்டிய மூளையே முதலில் மங்கிவிட்டது.

ஏழாயிரம் மீட்டரைத் தாண்டியும் சிவெல் மணல் மூட்டைகளை அறுத்துவிட்டார், பலூன் இன்னும் ஏறியது. வலியே இல்லை, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான் இருந்தது என்று திசாந்தியே பிறகு எழுதினார். ஆக்சிஜன் குழாயை எடுக்க நினைத்தார், கை எழவில்லை. எட்டாயிரம் மீட்டர் என்று கத்த நினைத்தார், நாக்கு அசையவில்லை. பலூன் சுமார் 8,600 மீட்டர் வரை போய், தானாகவே இறங்கியது. கடைசியில் திசாந்தியேவுக்கு நினைவு திரும்பியபோது மற்ற இருவரும் இறந்துகிடந்தார்கள்.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2005 ஆகஸ்டில், சைப்ரஸிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் 522 விமானத்தில் அழுத்தம் சீராக்கும் சுவிட்ச் தானியங்கி நிலையில் இல்லை. எச்சரிக்கை ஒலித்தது. விமானிகள் அதை வேறு ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு தரையோடு பேசிக்கொண்டே மயங்கினார்கள். ஏதென்ஸ் அருகே மலையில் மோதி 121 பேரும் இறந்தார்கள். பயணிகளுக்கு முகமூடி விழுந்திருந்தது. விமானிகள்தான் தங்களுடையதைப் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே உங்கள் மகளுக்காகத்தான் நீங்கள் முதலில் போட்டுக்கொள்கிறீர்கள். அவள் சில நொடி மயங்கினாலும், முகமூடி வைத்ததும் பொதுவாகத் தெளிந்துவிடுவாள். நீங்கள் மயங்கினால் அவளுக்கு வைக்க ஆள் இல்லை.

இன்னொன்று: அந்தப் பை உப்பவில்லை என்று பதறிக் கழற்றிவிடாதீர்கள், உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வரும். பெரும்பாலான விமானங்களில் அது பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் வரும். விமானி 10,000 அடிக்கு இறங்க வழக்கமாக அது போதும்.