அஜைல் குழுவின் வெற்றியை வெலாசிட்டியை வைத்து அளக்கலாமா?

"ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் வெலாசிட்டி கூடுகிறது, ஆனால் வாடிக்கையாளர் குறைபட்டுக்கொண்டே இருக்கிறார்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் என் பழைய குழுதான் நினைவுக்கு வந்தது. புதியவர்களுக்காக: அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் முறை, ஒரு சுற்றுதான் ஸ்பிரின்ட். ஒவ்வொரு வேலையின் அளவுக்கும் குழு ஒரு மதிப்பு போடும், அதுதான் பாயின்ட். ஒரு ஸ்பிரின்ட்டில் முடித்த வேலைகளின் பாயின்ட்டைக் கூட்டினால் வெலாசிட்டி.

மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் மேனேஜர் இரண்டு குழுக்களின் வெலாசிட்டியை ஒரே படத்தில் போட்டுக் காட்டினார். எங்களுடையது 34, பக்கத்துக் குழுவுக்கு 50. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் அடுத்த பிளானிங்கில், அதுவரை 3 பாயின்ட் வாங்கிக்கொண்டிருந்த வேலைக்கு எல்லோர் கையிலும் 5 என்ற மதிப்பீட்டு அட்டை வந்தது. மூன்றே மாதத்தில் 50-ஐத் தாண்டிவிட்டோம். கேக் கூட வெட்டினோம். வேலை என்னவோ அதே அளவுதான்.

அடுத்த இரண்டு வாரத்தில் நம்மால் எவ்வளவு எடுக்க முடியும் என்று ஒரு குழு தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் உத்தேசக் கணக்குதான் பாயின்ட். நெல் அளக்கும் மரக்கால் ஊருக்கு ஊர் மாறிய காலத்தில், எண்ணிக்கையை மட்டும் கேட்டு எந்த ஊரில் விளைச்சல் அதிகம் என்று சொல்லியிருக்க முடியுமா? 2001-இல் அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவர் ரான் ஜெஃப்ரிஸ். இந்தப் பாயின்ட்டை, அதாவது ஸ்டோரி பாயின்ட்டை, உருவாக்கியது தானாக இருக்கலாம், அப்படியானால் அதற்காக வருந்துகிறேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.

உழைப்பின் அளவுக்கும் பயனின் அளவுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி. விளம்பரத் தலைப்பு காட்டப்படும் விதத்தைக் கொஞ்சம் மாற்றலாம் என்று ஒரு ஊழியர் யோசனை சொன்னார். பெரிய விஷயமாக யாருக்கும் படாததால் ஆறு மாதத்துக்கும் மேல் அது கிடப்பில் கிடந்தது. 2012-இல் ஒரு பொறியாளர் எழுதிச் சோதித்துப் பார்த்தார். வருமானம் 12 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல். சில நாள் வேலை அது. பாயின்ட் போட்டிருந்தால் ஒற்றை இலக்கத்தில் முடிந்திருக்கும். அதே நிறுவனத்தில் இப்படிச் சோதிக்கும் யோசனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் பலன் தருகிறது. மற்றவற்றில் பாதி எதையும் மாற்றுவதில்லை, பாதி கெடுத்தே விடுகிறது. அங்கேயே அப்படி.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். புதிதாக வந்த பிராடக்ட் ஓனர், அதாவது எந்த வேலை முதலில் என்று முடிவுசெய்பவர், ஒரு பழக்கம் கொண்டுவந்தார். வேலையை எடுக்கும் முன்பே அந்த வேலைக்கான கார்டில் ஒரு வரி எழுத வேண்டும்: இது வந்தால் கடையில் யார் எதை வேறு மாதிரி செய்வார்? ரிலீஸ் ஆகி ஒரு மாதம் கழித்து அப்படி நடந்ததா என்று பார்க்க வேண்டும். முதல் மாதமே மானம் போனது. அரும்பாடுபட்டுச் செய்த 11 ரிப்போர்ட்டுகளில் கடைக்காரர்கள் தொடர்ந்து திறந்தவை இரண்டு. ஆனால் காலாவதி தேதி நெருங்கும் மருந்துகளைப் பட்டியலிட்டு, மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்ப உதவும் திரை ஒன்று இருந்தது. வெறும் 2 பாயின்ட். அதைப் பலர் தினமும் கடை திறந்ததும் பார்த்தார்கள்.

இதிலும் ஏமாற்றலாம், சொல்லிவிடுகிறேன். ஒரு ரிப்போர்ட்டை முகப்புத் திரையாக வைத்தோம். அதன் 'பயன்பாடு' ஒரே வாரத்தில் எகிறியது! அதனால் எண்ணைப் பார்த்த கையோடு, மாதம் ஒரு கடையில் அரை நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்ப்போம்.

எழுதிய நிரல் ரிலீஸ் ஆக எத்தனை நாள், எத்தனை ரிலீஸ் சொதப்புகிறது, சொதப்பினால் சரிசெய்ய எவ்வளவு நேரம் என்பதையும் கவனியுங்கள். குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். வருவது குடிக்கிற தண்ணீரா என்று சொல்லாது, அவ்வளவுதான்.

வெலாசிட்டியை நாங்கள் விட்டுவிடவில்லை. பிளானிங்குக்கு வைத்துக்கொண்டோம், மேலே அனுப்புவதை மட்டும் நிறுத்தினோம். அப்புறம், யாரும் திறக்காத அந்த 9 ரிப்போர்ட்டுகளையும் ஒரு ரிலீஸில் தூக்கிவிட்டோம். பயந்துகொண்டே காத்திருந்தோம். ஒரே ஒரு கடைக்காரர் போன் செய்தார், அதுவும் பிரின்டர் வேலை செய்யவில்லை என்று.