கேளுங்கள் சொல்கிறோம்: கோழிக்கால் குடிசையும் ரப்பர் தோட்டமும்

கேள்வி: சின்ன வயதில் படித்த சோவியத் கதைப்புத்தக நினைப்பில், ருஷ்ய மந்திரக்கிழவி பாபா யாகாவின் கோழிக்கால் குடிசையை ஆயில் பெயின்டில் வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் ‘புக்ல உள்ள படம் மாதிரியே இருக்கு’ என்கிறார்கள். இது பாராட்டா? பனியையே பார்க்காத நான் இதைத் தொட்டது தப்போ?
- தக்கலை வாசகர்

பாராட்டு இல்லை தம்பி. ஆனால் பனி மேல் பழி போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவில் குடிசை, கோழிக்கால், எலும்பு வேலி, கிழவி, பூனை என்று எல்லாவற்றையும் கறுப்புக் கோடு சுற்றி வளைத்திருக்கிறது. அது ருஷ்ய ஓவியர் இவான் பிலிபின் வழி. அவர் மையும் வாட்டர்கலருமாகப் புத்தகத்துக்கு வரைந்தவர், கோடுதான் அவருக்கு எல்லாம். ஆயிலில் அதே கோட்டைப் போட்டால் படம் வெட்டி ஒட்டினதுபோல நிற்கும்.

இன்னொரு ருஷ்ய ஓவியர் விக்டர் வாஸ்னெட்சோவ் 1881இல் முடித்த ‘அலியோனுஷ்கா’ என்ற ஆயில் படத்தைப் பாருங்கள், மாஸ்கோ திரெத்யாகோவ் கேலரியில் இருக்கிறது. கதைப்படி, ஆட்டுக் குளம்படியில் தேங்கிய தண்ணீரைக் குடித்த அலியோனுஷ்காவின் தம்பி ஆட்டுக்குட்டியாகிவிடுகிறான். படத்தில் அந்தக் குட்டியே கிடையாது! கறுத்த குளத்தின் கரையில், ஒரு பாறைமேல், வெறுங்காலோடு ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்திருக்கிறாள், தண்ணீரில் உதிர்ந்த இலை மிதக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குளமும் சும்மா வந்ததில்லை, அக்திர்கா என்ற ருஷ்யக் கிராமத்துப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தது.

உங்களுக்கு ஒரு காட்சி சொல்கிறேன். பாபா யாகா வீட்டிலிருந்து வாசிலிசா என்ற பெண், கண் எரிகிற மண்டையோட்டைக் கம்பில் செருகிக்கொண்டு ராத்திரிக் காட்டில் திரும்பி வருவாளே, அது. குலசேகரம் பக்கம் விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர் பின்னாலேயே நடந்து பாருங்கள். வெளிச்சம் பக்கத்து மரத்தின் பட்டையிலும் சிரட்டை விளிம்பிலும் பட்டு, இரண்டு மரம் தள்ளி அப்படியே செத்துப்போகும். ருஷ்யக் காட்டுப் பிர்ச் மரம் வேண்டாம், அந்த இருட்டு போதும்.

கேள்வி: நம்ம கள்ளியங்காட்டு நீலி இருக்க, ருஷ்யப் பேய் எதற்கு?
- நாகர்கோவில் வாசகி

நீலியையும் வரையலாமே அக்கா, யார் வேண்டாம் என்றது? ஒரே நிபந்தனை, வில்லுப்பாட்டில் கேட்ட முழுக் கதையையும் ஒரே கேன்வாஸில் அடைக்காதீர்கள்.

கேள்வி: ஜூன் மழையில் ஆயில் பெயின்ட் காயவே மாட்டேங்குது. மண்ணெண்ணெய் கலக்கலாமா?
- கருங்கல் வாசகர்

வேண்டாம். ஆயில் பெயின்ட் தண்ணீர் வற்றுவதுபோலக் காய்வதில்லை, எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகுகிறது, ஈரமும் குளிரும் அதைத் தாமதப்படுத்தும். அம்பர் என்கிற பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் மெல்லிசாக இழுத்து முதல் பூச்சு கொடுங்கள், அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் இறுகும். லின்சீட் ஆயில் கூடின பூச்சு அதன் மேலேதான் வரவேண்டும், மாற்றிச் செய்தால் பின்னால் வெடிக்கும். அப்புறம், கேன்வாஸை ஈரச் சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள், முதுகில் பூஞ்சை பிடிக்கும்.