வெப்பம் கூடினால் விலங்குகளின் எண்ணிக்கை உடனே குறைந்துவிடுமா?

உடனே குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கடலாமை விஷயத்தில் கொஞ்ச காலத்துக்கு எண்ணிக்கை கூடுவது போலக்கூடத் தெரியலாம். எனக்குப் பயமே அதில்தான்.

சென்னைக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ஆலிவ் ரிட்லி என்று செய்திகளில் வருவது இதுதான். இரவில் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கும் தன்னார்வலர்களோடு நானும் போவதுண்டு. ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். தாய் தோண்டிய அதே ஆழத்துக்கு, அடிப்பக்கம் குடம் போல அகலமாகக் குழி எடுத்து, முட்டைகளைப் புரட்டாமல் அடுக்க வேண்டும். அதையும் இட்ட சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். தாமதமாக அசைத்தால் உள்ளே கரு செத்துவிடும்.

அந்தக் கரு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. பொரிய 45 முதல் 60 நாள் வரை ஆகும். அதன் நடுப்பகுதியில் மணல் 29, 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து வரும். ஓரிரு டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கூடு முழுக்கப் பெண். இன்னும் ஏறினால் முட்டையே கெட்டுவிடும். குஞ்சைக் கையில் வைத்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. வளர்ந்த பிறகுதான் ஆணுக்கு வால் நீண்டிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் (கிரேட் பேரியர் ரீஃப்), வடக்கே உள்ள கரைகளில் பிறந்த பேராமைகளை, அதாவது பச்சை ஆமை என்ற இன்னொரு வகைக் கடலாமைகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. வளர்ந்த ஆமைகளில் சுமார் 87 விழுக்காடு பெண். இளம் ஆமைகளிலோ 99 விழுக்காட்டுக்கும் மேல்! தெற்கே, குளிர்ச்சியான கரைகளில் பிறந்தவற்றில் பெண்கள் 65 முதல் 69 விழுக்காடுதான்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். முட்டையிடக் கரையேறுவது பெண் மட்டுமே. நாம் எண்ணுவதும் கூடுகளைத்தான். பெண் குஞ்சுகள் அதிகம் பொரிந்தால் பிற்காலத்தில் கூடுகளும் பெருகும், கணக்கும் நன்றாகவே இருக்கும். கடலுக்குள் ஆண்கள் அருகிவருவது அந்தக் கணக்கில் ஏறாது. ஓர் ஆண் பல பெண்களோடு இணையும் என்பதால் ஓரளவு தாங்கும். ஆனால் பேராமை இனப்பெருக்க வயதை எட்டவே 25 ஆண்டு, சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். கரையில் கூடுகள் குறைவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், இடைப்பட்ட தலைமுறையை எங்கே போய்த் தேடுவது?

சீக்கிரமே முட்டையிட வருவது, குளிர்ந்த கரைக்கு நகர்வது என்று ஆமைகளுக்கும் சில வழிகள் உண்டு. இவ்வளவு வேகமாக ஏறும் வெப்பத்துக்கு அது ஈடுகொடுக்கும் என்று நான் நம்பவில்லை. பொரிப்பகத்துக்கு மேலே பந்தல் போட்டால் மணல் கொஞ்சம் ஆறும். அதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

அப்புறம், வளர்ந்த ஆமைகளைக் காப்பாற்றாமல் பந்தல் மட்டும் போட்டுப் பயனில்லை. 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாது. குளிர்ந்த மணலில் பிறந்து தப்பிய ஆண்களும் அதே கடலில்தான் நீந்துகின்றன. இனப்பெருக்கக் காலத்தில் கரையோரம் இழுவைப் படகு வரக்கூடாது என்ற விதியை முதலில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தட்டும்.