ஸ்பெயின் நேட்டோவில் சேர்ந்தது 1982-லா, 1986-லா?

1982 தான் சரி. ஒரு புத்தகத்தில் 1982, இன்னொன்றில் 1986 என்று இருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். 1982 மே 30 அன்று, கால்வோ சொத்தேலோ பிரதமராக இருந்தபோது ஸ்பெயின் உறுப்பு நாடானது. 1986 மார்ச் 12-ல் நடந்தது, நேட்டோவில் தொடரலாமா என்று மக்களிடம் கேட்ட பொதுவாக்கெடுப்பு.

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் ஃபெலிப்பே கொன்சாலெஸ் அடித்த திருப்பம். நேட்டோவை எதிர்த்து, வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொல்லி 1982 அக்டோபரில் ஜெயித்தவர், பிறகு அதே வாக்கெடுப்பில் ஆதரவாக ஓட்டுக் கேட்டார். 1975 வரை ஸ்பெயினை ஆண்ட ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்துக்கு அமெரிக்கா துணை நின்றதை மக்கள் மறக்கவில்லை. அதனால்தான் வாக்குச்சீட்டிலேயே மூன்று நிபந்தனைகளை அச்சடித்தார்கள்: ராணுவக் கட்டளை அமைப்பில் சேருவதில்லை, அணு ஆயுதத்துக்கு இடமில்லை, அமெரிக்கப் படை படிப்படியாகக் குறையும். எனக்கு இந்தச் சீட்டு முக்கியமான ஆவணம். வெளியுறவுக் கொள்கையை மக்கள் கையில் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

சரிபார்க்க அந்தச் சீட்டின் கேள்வியைப் பாருங்கள். "தொடர்வது" என்றுதான் இருக்கும், "சேர்வது" என்று இருக்காது.

ஒன்று கவனியுங்கள்: கேள்வி "நேட்டோவின் ராணுவக் கட்டளை அமைப்பில் முழுமையாகச் சேர்ந்தது எப்போது?" என்றால் விடை 1999. அப்புறம், 1986 ஜனவரி 1-ல் சேர்ந்தது ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில். அதை இதோடு கலக்க வேண்டாம்.