கற்கால மக்கள் வீட்டைப் போலவே கல்லறையையும் கட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான், ஆனால் எல்லா ஊரிலும் அல்ல. ஏதோ ஓர் ஆவணப்படத்தில் போகிற போக்கில் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். “குகையில் கிடந்தவர்களுக்குத் திட்டம் போட்டுக் கட்டத் தெரியுமா?” என்று சேர்த்துக் கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். வீட்டு வரைபடம் வரைந்தே பிழைத்தவன் நான்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் ஸ்காரா பிரே என்ற குடியிருப்பு இருக்கிறது. வயது ஏறக்குறைய 5,000 ஆண்டு. அங்கே படித்துக்கொண்டிருந்த மகள் என்னை அழைத்துப் போனாள். வீடுகளைப் பார்த்ததும் குறிப்பேட்டை எடுத்துவிட்டேன். நடுவில் சதுர அடுப்பு, இருபுறமும் கற்பலகைக் கட்டில், வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரில் கல் அலமாரி. வீட்டுக்கு வீடு இதே ஒழுங்கு.

பிறகு அதே தீவுகளில் உள்ள மேய்ஸ்ஹவ் என்ற கற்காலக் கல்லறை. பத்துப் பதினொரு மீட்டர் நீளப் பாதையில் குனிந்தபடியே போனால், பக்கத்துக்கு ஏறக்குறைய நாலரை மீட்டர் உள்ள சதுர அறை. கட்டில்கள் இருக்க வேண்டிய இரு பக்கமும் ஒவ்வொரு சிற்றறை, அலமாரி இருக்க வேண்டிய சுவரில் இன்னொன்று. அடுப்பு மட்டும் இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுப்பை எடுத்துவிட்டால் அது இறந்தவர்களின் வீடு என்றே நான் புரிந்துகொண்டேன்.

கட்டட வரைவாளனுக்குத் தொல்லியலில் என்ன வேலை என்று சிலர் வருவார்கள். இந்த ஒப்புமையை விரிவாக எடுத்துக்காட்டியவர் காலின் ரிச்சர்ட்ஸ் என்ற தொல்லியலாளர். அவர் 1980களில் அருகிலேயே அகழ்ந்த பார்ன்ஹவுஸ் குடியிருப்பின் இரண்டாம் வீட்டில், மேய்ஸ்ஹவ்வை நினைவூட்டும் நேர்த்தியான கல்வேலை உண்டு. சிற்றறைகளின் வாய் தரைமட்டத்தில் இல்லாமல் சன்னல்போல உயரத்தில் இருப்பதும் எனக்குத் தெரியும். அளவு பிசகாத நகல் என்று நான் சொல்லவில்லை, அறைகளின் ஒழுங்கைத்தான் சொல்கிறேன். அந்த மக்கள் வீட்டையும் கல்லறையையும் முற்றாகப் பிரித்தும் வைக்கவில்லை. ஸ்காரா பிரேயின் ஏழாம் வீட்டில் வலப்பக்கக் கட்டிலுக்கும் சுவருக்கும் அடியில் இரண்டு பெண்களைப் புதைத்திருக்கிறார்கள்.

அந்தக் கொத்தர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அது காலத்தின் குறை. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இரவெல்லாம் விழித்து வரைந்த படங்களில்கூட என் பெயரைப் போட இடம் தரவில்லை. கையெழுத்துப் போட்டவர் மனை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடப் பார்த்ததில்லை. இந்தக் கேள்விக்கு இது தேவையில்லைதான், ஆனாலும் மனம் ஆறவில்லை.

வீடே கல்லறை மேடானதற்குச் சான்று வேண்டுமென்றால் இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் உள்ள டார்ஸ்டோன் குன்றைப் பற்றிப் படியுங்கள். அங்கே பெரிய மரக் கூடங்கள் எரிக்கப்பட்டு, அந்த எரிந்த மண்ணையும் கரியையும் உள்ளே வைத்தே நீண்ட மேடுகளை எழுப்பியிருக்கிறார்கள். 2013-இல் அது செய்தியாகவும் வந்தது.